செம்முத்து என்று ஒன்று உண்டா?

மகளின் திருமணத்திற்கு இருபது நாட்களே இருந்த நிலையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய துணைவியாரும் திருப்பதியிலுள்ள எங்கள் கிளைக்கு நகைக்கடன் கேட்டு வந்தனர். அவர்கள் மேசைமீது வைத்த பெட்டிக்குள் குங்கும நிறத்தில் ஒளிரும் முத்துச்சரம் ஒன்று இருந்தது. “இயற்கைச் செம்முத்துங்க சார். கடல்ல கிடைக்கிறதே அபூர்வமாம்” என்றார் அம்மையார். நகை மதிப்பீட்டாளர் சரத்தை எடைபோட்டார். பின் கொக்கியை மட்டும் உரசிப் பார்த்தார். அதில் பொன் என்று சொல்லத்தக்கது அந்தக் கொக்கி ஒன்றே. அது இரண்டு கிராம்கூட இல்லை.

சரத்திற்கு அவர்கள் கொடுத்த விலை ரூ.1,80,000. மகளின் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருப்பதாக யாரோ சொல்ல, வீடு தேடி வந்த வியாபாரி ஒருவரிடம் வாங்கியிருக்கின்றனர். அதற்கான பணம் எங்கள் கிளையிலேயே இருந்த வைப்புத்தொகை. முதிர்வுக்கு முன்பே அதை முடித்துக் கொடுத்தவர்கள் நாங்கள்தாம். விண்ணப்பத்தில் காரணம் ‘சொந்தச் செலவு’ என்றிருந்தது. அதற்குமேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அந்த உறுத்தலே முத்தின் நிறத்தைப் பற்றி எங்களைப் படிக்க வைத்தது. அவ்வாறு அறிந்தவற்றை இங்கே வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

முத்து என்றதும் நம் மனக்கண்ணில் எழும் நிறம் வெண்மையே. பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் இரவு மலையப்ப சுவாமி உபய நாச்சியாருடன் முத்துப்பந்தல் வாகனத்தில் எழுந்தருளும்போது, மாடவீதியில் நிற்பவர் நினைவுக்கு வருவது நிலவொளி. இந்த வெண்மை தற்செயலாக அமைந்ததன்று. சிப்பியின் உடலுக்குள் அந்நியப் பொருளோ நோயோ உறுத்தும்போது, அதன் மேலுறைத் திசு தன் ஓட்டின் உட்பூச்சாக இடும் அதே பொருளை அவ்விடத்தைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூசுகிறது. அரகோனைட் என்னும் சுண்ணாம்புப் படிகத்தின் மிக மெல்லிய தகடுகளும், அவற்றை ஒட்டவைக்கும் புரதப் படலமும் சேர்ந்ததே அந்தப் பூச்சு. ஆகவே சிப்பியின் உட்புறம் எந்த நிறமோ, பெரும்பாலும் முத்தும் அந்த நிறமே. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி வெண்மை, பால்மஞ்சள், மென்பொன் நிறங்களைத் தருகிறது. தென்கடல்களின் பெருஞ்சிப்பிகள் பொன்னிற முத்தையும், தஹீதித் தீவுகளின் கரிய உதட்டுச் சிப்பி கருமுத்தையும் தருகின்றன. குங்குமச் சிவப்பை உட்பூச்சாக இடும் முத்துச்சிப்பி எதுவும் இல்லை.

சில வெண்முத்துகளைத் திருப்பிப் பார்த்தால் மேற்பரப்பில் ரோஜா நிறச் சாயல் ஓடுவதைக் காணலாம். அது நிறமியால் வருவதன்று. மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுப் பிரிவதால் தோன்றுவது, சோப்புக் குமிழியின் வண்ணத்தைப் போல. முத்தைத் திருப்பும்போது அந்தச் சாயலும் இடம் மாறும்.

நம் முன்னோர் இந்த நுட்பத்தை அறியாதவர் அல்லர். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைகளை விவரிக்குமிடத்தில் காற்று, மண், கல், நீர் ஆகியவற்றால் முத்திற்கு நேரும் குற்றங்களைச் சொல்லி, அவை நீங்கிய முத்துகளைச் சந்திரனுக்கும் குருவுக்கும் அங்காரகனுக்கும் ஒப்பிடுகிறது. அங்காரகன் என்றால் செவ்வாய், செந்நிறக் கோள். அப்படியானால் அன்று செம்முத்து விற்றதா என்று கேட்கத் தோன்றும். வெண்முத்தின் மீதோடும் செந்நிறச் சாயலையே புலவர் குறித்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஏனெனில் முத்தை முடித்தவுடன் அந்தக் காதை பவளத்திற்குச் சென்று, அதற்குரிய குற்றங்களையும் தனியே எண்ணுகிறது. உண்மையான சிவப்பிற்கு அந்தக் கடைத்தெருவில் வேறொரு பொருள் இருந்தது.

அந்தப் பொருள் பெரும்பாலும் கப்பலில் வந்தது. கிரேக்க வணிகர் ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ‘எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ்’ என்னும் வழிகாட்டி நூல், முசிறிப் பக்கத்துத் துறைமுகங்களுக்கு மேலைநாடுகளிலிருந்து வந்த சரக்குகளுள் பவளத்தையும், இங்கிருந்து சென்றவற்றுள் முத்தையும் குறிப்பிடுகிறது. கொற்கைப் பக்கத்து முத்துக்குளிப்பும் அதில் இடம்பெறுகிறது. மத்தியதரைக் கடலின் சிவப்பு இங்கே வந்தது. நம் கடலின் வெண்மை அங்கே சென்றது. முத்தே சிவப்பாக விளைந்திருந்தால் பவளத்திற்கு இவ்வளவு மதிப்பு இருந்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் ‘முத்து’ என்னும் சொல்லைச் சற்று விரித்தால், சிவப்பை நெருங்கும் சில பொருள்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் கடலிலேயே இருக்கிறது. பூசையில் வைக்கும் பால்சங்கு மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வாழ்வது. தூத்துக்குடி, இராமேசுவரம் பகுதிகளில் மூழ்குவோர் அதை எடுப்பது பழந்தொழில். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தச் சங்கைப் பற்றித் தனிநூலே எழுதினார். மிக அரிதாக இதனுள்ளும் முத்து விளைகிறது. வெண்மையிலிருந்து இளஞ்சிவப்பு வரை அதன் நிறம் அமையும். சிப்பி முத்தின் வானவில் மினுக்கம் அதற்குக் கிடையாது. பீங்கானைப் போன்ற மெருகுதான் உண்டு.

அதன் உறவு என்று சொல்லத்தக்கது கரீபியன் கடலின் இராணிச் சங்கில் விளையும் முத்து. இளஞ்சிவப்பில் தொடங்கி, வெகு சிலவற்றில் செம்மையை எட்டும் இதுவே இயற்கையான ‘செம்முத்து’ என்ற பெயருக்கு மிக அருகில் வருவது. நல்ல முத்தின் மேல் தீச்சுடர் போன்ற நெளிவுகள் தெரியும். படிக இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதே காரணம். பத்தாயிரம் சங்குகளில் ஒன்றில் கிடைத்தால் அதிகம் என்பது வணிகர் வாய்க்கணக்கு. கிடைப்பவற்றிலும் பல கோணலானவை, நிறம் மங்கியவை. நெடுநாள் வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். இந்தச் சங்கு 1992 முதல் பன்னாட்டு வனவுயிர் வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. ஒரே அளவில், ஒரே சிவப்பில், நாற்பது முத்து கோத்த சரம் ஒரு கிராமத்து வீட்டு வாசலுக்கு வருவது எவ்வளவு நடக்கக்கூடியது என்பதை வாசகரே கணக்கிடலாம்.

எனில் கடைகளில் காணும் சிவப்பு முத்துகள் யாவை? பெரும்பாலும் நன்னீர்ச் சிப்பியில் வளர்த்த முத்துக்குச் சாயமேற்றியவை. வளர்ப்பு முத்தில் இழிவு ஏதுமில்லை. நம் நாட்டில் முதல் வளர்ப்பு முத்தை 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் விளைவித்தது பெருமைக்குரிய செய்தி. மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனதை எண்ணினால் இன்று வளர்ப்பு முத்தே இயல்பு. சாயமும் குற்றமன்று, சாயம் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால். சேஷாசல மலையின் செம்மரத்திலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பதை அறிந்த நமக்குச் சாயம் என்பது புதிய சொல்லா?

எங்கள் மதிப்பீட்டாளர் அன்று உருப்பெருக்கியை அந்த ஆசிரியரிடமே கொடுத்துத் துளையின் ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். அங்கே சிவப்பு திட்டாகத் தேங்கியிருந்தது. உட்கோத்த வெள்ளை நூலும் இளஞ்சிவப்பாகிவிட்டிருந்தது. மேற்பரப்பில் நுண்ணிய கீறல் இருந்த இடமெல்லாம் நிறம் அடர்ந்து தெரிந்தது. ஆயினும் கண்ணால் கண்டது முடிவாகாது. வீட்டில் இரசாயனம் தடவிச் சோதிப்பதும் கூடாது. முத்து மென்மையானது, வியர்வையும் புளிப்பும் வாசனைத் திரவியமுமே அதை அரிக்கப் போதும். சாயத்தை ஒளிக்கதிர் ஆய்வாலும், இயற்கை முத்தா வளர்ப்பா என்பதை எக்ஸ்ரே படத்தாலும் உறுதிசெய்யும் மணியியல் ஆய்வகங்கள் ஜெய்ப்பூர், மும்பை போன்ற நகரங்களில் உள்ளன. பெருந்தொகை கொடுக்கும் முன் அந்தச் சான்றிதழைக் கேட்பது வாங்குவோரின் உரிமை.

பொன்னுக்கு ஹால்மார்க்கும் ஆறு இலக்க எழுத்து-எண் குறியீடும் உண்டு. முத்துக்கு அவ்வாறு எதுவும் கிடையாது. நகைக்கடன் மதிப்பிலும் ரிசர்வ் வங்கி விதிப்படி பொன்னின் மதிப்பு மட்டுமே கொள்ளப்படும். கல்லும் முத்தும் கழிக்கப்படும். உண்மையான கரீபியன் முத்தே ஆனாலும் எங்கள் பதில் அன்று அதுவாகத்தான் இருந்திருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நவரத்தின வழக்கில் முத்து சந்திரனுக்கும் பவளம் செவ்வாய்க்கும் உரியவை. நம்பிக்கையைக் குறித்து நாங்கள் பேசவில்லை. செவ்வாய்க்கு முத்து என்று ஒருவர் விற்க வந்தால், அந்த நம்பிக்கையின் கணக்கிலேயே அது பொருந்தவில்லை.

திருமணச் செலவுக்கு அம்மையாரின் வளையல்கள்மீது கடன் கொடுத்தோம். சரத்தை அவர்கள் ஆய்வகத்திற்கு அனுப்பினர். ‘சாயமேற்றிய நன்னீர் வளர்ப்பு முத்து’ என்று அறிக்கை வந்தது. வியாபாரியின் கைப்பேசி எண் உபயோகத்தில் இல்லை. ரசீது இருக்கிறதா என்று கேட்டோம். பத்திரமாக மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார் ஆசிரியர். கடையின் பெயரும் முகவரியும் இல்லை, வரி எண் இல்லை, ‘இயற்கை’ என்ற சொல்லும் இல்லை. ‘சிவப்பு மணி மாலை – 1’ என்று மட்டும் எழுதியிருந்தது.