பேரியம் குடித்தவர் மின்மினி ஆகமாட்டார்

என் பெரியம்மாவுக்கு வயது 74. சோறு நெஞ்சில் நின்று நின்று இறங்குகிறது என்றதும், டாக்டர் பேரியம் கொடுத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருந்ததை முகம் சுளித்துக் குடித்துவிட்டு வீடு திரும்பினார். சாயங்காலமே எதிர்வீட்டு மாமி வந்துவிட்டார். “மூணு நாளைக்குப் பேத்தியைத் தூக்காதீங்கோ. உள்ளே ரேடியேஷன் தங்கியிருக்கும். இருட்டிலே வயிறு லேசா மின்னுமாம்.” அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டுப் பெரியம்மா தன் வயிற்றைப் பார்த்திருக்கிறார். மறுநாள் அதை என்னிடம் சிரிக்காமல் சொன்னார்.

இந்தக் கதையைக் கல்யாண வீட்டில் கேட்டாயிற்று, ரயிலில் கேட்டாயிற்று. அறிவியல் பட்டதாரி ஒருவரே சொல்லியும் கேட்டாயிற்று. கற்களைச் சூடாக்கி, அவை உமிழும் ஒளியை அளந்தே காலம் தள்ளியவன் நான். இனியும் பொறுமையாகப் பதில் சொல்ல என்னால் ஆகாது.

குடிக்கக் கொடுப்பது பேரியம் சல்பேட். அதைக் கரைசல் என்பதே தவறு. ஒரு லிட்டர் தண்ணீரில் அது இரண்டரை மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். டம்ளரில் இருப்பது வெறும் கலங்கல். அதற்குக் கதிரியக்கம் கிடையாது. இயற்கையில் கிடைக்கும் பேரியத்தில் ஏழு வகை ஐசோடோப்புகள் உண்டு. அவற்றில் பேரியம்-130 ஒன்று மட்டும் சிதைகிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ ஒன்றுக்குப் பின்னால் 21 சுழியம் போட்டால் வருகிற ஆண்டுகள்! பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். பேரைட் என்பது இயற்கையில் கிடைக்கும் பேரியம் சல்பேட்; பழைய பேரைட் கற்களுக்குள் சிதைவில் பிறந்து அணு அணுவாகச் சேர்ந்த செனான் வாயுவைப் பிரித்தெடுத்துத்தான் இந்தச் சிதைவையே கண்டுபிடிக்க முடிந்தது. இதற்குப் பயந்து பேத்தியைத் தூக்காமல் இருப்பதென்றால், கடைசிவரை யாருமே யாரையும் தூக்க முடியாது.

கதிர் வந்தது கருவியிலிருந்து. பேரியம் செய்தது அதை மறித்து நின்றது மட்டுமே. அதன் அணு எண் 56. கனமான அணு, எக்ஸ் கதிரை விழுங்கிவிடும். அதனால் உணவுக்குழாயும் இரைப்பையும் படத்தில் வெள்ளையாகத் தெரிகின்றன. பரிசோதனையில் உடம்பு வாங்கும் கதிர் அளவு பூஜ்யம் அல்ல, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சுவிட்சை அணைத்ததும் கணக்கு முடிந்தது.

“கதிர் உள்ளே கொஞ்சம் தங்கி, அப்புறம் வெளியே வராதா?” என்று அடுத்த கேள்வி வரும். என் தொழிலே அப்படித் தங்கவைத்துக்கொள்ளும் கற்களைத் தேடுவதுதான். அதனால் தெரிந்தே சொல்கிறேன். சுத்தமான பேரியம் சல்பேட் கண்ணுக்குத் தெரிய ஒளிராது. அதில் யூரோப்பியம் என்ற தனிமத்தைத் துளியளவு வேண்டுமென்றே கலந்து ஆய்வகத்தில் தயாரித்தால், கதிர் பட்டதும் அந்த ஆற்றலில் ஒரு பங்கைப் படிகத்துக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைத் திரும்ப வாங்க ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். அப்போதும் வருவது கண்ணுக்குத் தெரியாத புறஊதாவில்தான் பெரும்பகுதி; வெறும் ஒளி, கதிரியக்கம் அல்ல. பெரியம்மாவின் வயிறு 37 டிகிரி. அதில் யூரோப்பியமும் இல்லை. விளக்கை அணைத்துப் பார்த்து என்ன பயன்?

வதந்தி எங்கிருந்து முளைத்தது என்று தேடினால் பழைய வேர்கள் கிடைக்கின்றன. 1603 வாக்கில் இத்தாலியின் போலோன்யா நகரத்தில் வின்சென்சோ காஷியாரோலோ என்ற செருப்புத் தொழிலாளி இருந்தார், ரசவாதத்திலும் ஆசை. பக்கத்து மான்ட்டே பதெர்னோ குன்றில் அளவுக்கு மீறிக் கனக்கும் கற்கள் கிடைத்தன. இத்தனை கனத்துக்கு உள்ளே தங்கமோ வெள்ளியோ இருக்கத்தான் வேண்டும் என்று கரியோடு சேர்த்துச் சுட்டார். தங்கம் வரவில்லை. ஆனால் சுட்ட கல்லை வெயில் காட்டி இருட்டறைக்குக் கொண்டுபோனால் தணல்போல் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. கலிலியோ வரை அதைப் பற்றி யோசித்தார்கள். அந்தக் கல் பேரைட், அதாவது இயற்கைப் பேரியம் சல்பேட். இதைப் படித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொள்கிறார்கள். கரியோடு சுட்டபோது அது சல்பேட்டாக இருக்கவில்லை, பேரியம் சல்பைடாக மாறிவிட்டது. ஒளிர்ந்தது அந்தச் சல்பைடு. அதிலும் ஒளிக்குக் காரணம் கல்லில் மாசாகக் கலந்திருந்த செம்பு என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் நச்சுப்பொருள் பேரியம் சல்பைடு. அதை எந்த டாக்டரும் குடிக்கக் கொடுக்கமாட்டார்.

1895இல் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய தாள் ஒளிர்ந்ததால். அதுவும் வேறு சேர்மம். 1898இல் க்யூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டது பேரியத்தோடு சேர்ந்து படிந்த பகுதியில். இரண்டும் ஒரே குடும்பத்துத் தனிமங்கள், சல்பேட்டாக ஒன்றாகவே படியும். தைவானின் பெய்தோ வெந்நீர் ஊற்றில் இப்படி ரேடியம் ஏறிய பேரைட் உண்மையிலேயே உண்டு. ஹொகுதோலைட் என்று பெயர். ஓர் ஊற்றுக் கல்லின் குணத்தை உலகத்துப் பேரியம் முழுவதற்கும் ஏற்றுவது என்ன நியாயம்? நம் ஊரில் பைக்கின் பின்னால் ஒட்டும் பளபள ஸ்டிக்கரையும் ‘ரேடியம்’ என்கிறோம். அதில் ரேடியம் ஒரு துளியும் கிடையாது, அது தானாக ஒளிர்வதுகூடக் கிடையாது, வண்டி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. மின்னுவதெல்லாம் ரேடியம், ரேடியமெல்லாம் ஆபத்து என்று நாக்குப் பழகிவிட்டது. மாமியை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ‘பேரியம் விஷம்’ என்பது பாதி உண்மை. கரையும் பேரியம் விஷம். எலி மருந்தாகப் பயன்பட்ட பேரியம் கார்பனேட் இரைப்பை அமிலத்தில் கரையும், ஆளைக் கொல்லும். 2003இல் பிரேசிலில் எக்ஸ்ரேக்குக் கொடுத்த மருந்தில் அது கலந்திருந்ததால் உயிர்ப்பலி நேர்ந்தது. அப்படி விஷம் குடித்தவருக்கு மெக்னீசியம் சல்பேட்டோ சோடியம் சல்பேட்டோ கொடுப்பார்கள். வயிற்றுக்குள் அது என்னவாக மாறும்? பேரியம் சல்பேட்டாக! முறிவாக உருவாகும் பொருளையே விஷம் என்கிறோம். பேரியம் சல்பேட்டின் உண்மையான ஆபத்தை யாரும் பேசுவதில்லை: குடலில் ஓட்டை இருந்து வயிற்றறைக்குள் கசிந்தால் மோசமான அழற்சி வரும், அந்தச் சந்தேகம் இருந்தால் அயோடின் மருந்துக்கு மாறுவார்கள். மற்றபடி மலம் இரண்டொரு நாள் வெள்ளையாகப் போகும், மலச்சிக்கல் வரும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

‘கனமாக இருக்கிறது, ஈயம் கலந்திருக்கும்.’ இல்லை, பேரைட்டின் அடர்த்தியே தண்ணீரைப்போல் நாலரை மடங்கு. ஆந்திராவின் மங்கம்பேட்டையில் அதை மலைமலையாகத் தோண்டுகிறார்கள். தெலுங்கில் முக்குராயி, அதாவது கோலக்கல் என்பார்கள். பெரும்பகுதி எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றுக்குக் கனம் சேர்க்கப் போகிறது. ‘புறஊதா விளக்கில் ஒளிர்ந்தால் அசல் பேரைட்.’ அதுவும் இல்லை. சில வெண்மையாக, சில பச்சையாக ஒளிரும், பல ஒளிரவே செய்யாது. எல்லாம் உள்ளே புகுந்த மாசைப் பொறுத்தது. யுரேனைல் அயனி இருந்தால் பச்சை. கல் விற்பவரின் விளக்கை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கதிருக்குப் பயப்பட வேண்டும் என்றே தோன்றினால், படம் எடுக்கும் ஊழியருக்காகப் பயப்படுங்கள். பெரியம்மா ஒரு நாள் போனார், அவர் தினமும் போகிறார். அவர் சட்டையில் குத்த வேண்டிய பேட்ஜுக்குள் இருப்பதும் ஒரு சல்பேட்தான், டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள். வாங்கிய கதிரை நினைவில் வைத்திருந்து, சூடாக்கும்போது ஒளியாகச் சொல்லும். யூரோப்பியம் கலந்த பேரியம் சல்பேட்டும் நன்றாகவே நினைவு வைக்கும். ஆனால் எக்ஸ் கதிரைத் தசையைவிடப் பலமடங்கு விழுங்கிக் கணக்கை ஏற்றிக் காட்டும், அதனால் பேட்ஜுக்குத் தோதுப்படாது. வயிற்றில் எந்தக் குணத்துக்காகக் குடிக்கிறோமோ அதே குணம் இங்கே குறை. இந்த வில்லைகளுக்காக எத்தனை பேர் எத்தனை வருடம் உழைத்திருக்கிறோம்! அதைப் போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

பெரியம்மா போன சென்டரிலும் அந்தப் பையனின் சட்டை வெறுமையாகத்தான் இருந்தது. “தம்பி, பேட்ஜ் எங்கே?” என்றேன். டீ டம்ளரைக் கீழே வைக்காமலே எக்ஸ்ரே அறையைக் காட்டினார். “உள்ளே ஆணியில் மாட்டியிருக்கேன் சார். வெளியே வச்சா தொலைஞ்சுடும்.” மூன்று மாதம் கழித்து அந்தச் சுவர் வாங்கிய டோஸ் அவர் பெயரில் ரிப்போர்ட்டாக வரும்.