மோட்டார் காரில் குழந்தைகளின் பாதுகாப்பு

மோட்டார் காரில் பிரயாணம் செய்யும்பொழுது கைக்குழந்தைக்கெனத் தனி ஆசனம் ஒன்றை அமைக்கும் வழக்கம் இந்தியாவில் இன்னும் பரவலாகவில்லை. குழந்தை தாயின் மடியிலோ பாட்டியின் மடியிலோ அமர்ந்து செல்கிறது. சற்று வளர்ந்த பின்னர், முன்னாசனங்கள் இரண்டுக்கும் இடையே நின்றுகொண்டு சாலையை வேடிக்கை பார்க்கிறது. மடியைக் காட்டிலும் பத்திரமான இடம் குழந்தைக்கு வேறில்லை என்பது பெற்றோரின் நம்பிக்கை. வீட்டில் அந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. ஓடும் காரில் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைப் பௌதிக விதிகளின் துணைகொண்டு ஆராய்வதும், குழந்தையின் பாதுகாப்பில் பெற்றோருக்குள்ள கடமையை எடுத்துக்கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளின் முக்கியத்துவத்தை ஒரு புள்ளிவிவரத்தால் உணரலாம். மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 16,715 பேர் ‘சீட் பெல்ட்’ எனப்படும் பாதுகாப்பு வாரை அணியாதிருந்தவர்கள். இவர்களில் 8,331 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்லர். உடன் பிரயாணம் செய்தவர்கள்.

சடத்துவமும் இரண்டு மோதல்களும்

இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருள், வெளியிலிருந்து ஒரு விசை அதனைத் தடுக்காத வரையில், அதே வேகத்தில் நேர்கோட்டில் சென்றுகொண்டேயிருக்கும் என்பது நியூட்டனின் முதல் விதி. இத்தன்மைக்குச் சடத்துவம் என்று பெயர். நிலைமம் என்றும் கூறுவர். காரில் அமர்ந்திருப்பவர் தாம் அசையாதிருப்பதாகவே எண்ணுகிறார். உண்மையில் காரின் வேகம் எதுவோ அதுவே அவருடைய வேகமுமாகும்.

கார் ஒரு மரத்தில் மோதினால் மரம் தடுத்து நிறுத்துவது காரை மட்டுமே. உள்ளிருப்பவர் பழைய வேகத்திலேயே முன்னோக்கிச் செல்கிறார். முன்னாசனத்தின் முதுகோ, கண்ணாடியோ, வண்டியின் வேறொரு பகுதியோ அவரைத் தடுக்கிறது. ஆகவே ஒரே விபத்தில் இரண்டு மோதல்கள் நிகழ்கின்றன. முதலாவது, கார் மரத்தில் மோதுவது. இரண்டாவது, மனிதர் காருக்குள் மோதுவது. காயங்களில் பெரும்பாலானவை இரண்டாவது மோதலால் விளைபவை. பாதுகாப்பு வார் தடுக்க முயல்வதும் இதனையே.

ஒரு சிறு கணக்கு

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 10 மீட்டராகும். ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு பொருள் தரையை இவ்வேகத்துடனேயே அடைகிறது. வேகம் இருமடங்காகி மணிக்கு 72 கிலோமீட்டர் ஆனால், அதற்கு ஒப்பான உயரம் நான்கு மடங்காகி 20 மீட்டரைத் தாண்டுகிறது. மாடியின் கைப்பிடிச் சுவரில் குழந்தையை நிற்க வைக்க எந்தப் பெற்றோரும் துணியமாட்டார். ஆயினும் வாரின்றிக் காரில் நிற்கும் குழந்தை, மோதல் நேருமாயின், அத்தகைய உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பான நிலையிலேயே இருக்கிறது.

இனி மடியில் அமர்ந்துள்ள குழந்தையை நோக்குவோம். அதன் எடை 10 கிலோகிராம். காரின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், அதாவது விநாடிக்குச் சுமார் 14 மீட்டர். மோதலில் காரின் முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி, அத்தூரத்துக்குள் கார் நின்றுவிடுவதாக வைத்துக்கொள்வோம். நிற்பதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு. ஆகவே குழந்தையைக் காருடன் சேர்த்து நிறுத்துவதற்கு 160 கிலோகிராம் எடையைத் தூக்கிப் பிடிக்கும் அளவு விசை வேண்டும்.

இவ்வளவு விசையைத் தாயின் கைகள் அளிக்க இயலாது. மேலும், அபாயத்தைக் கண்டு கையை இறுக்கிக்கொள்ள எவ்வளவு விழிப்புள்ளவர்க்கும் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது தேவை. அதற்குள் மோதலே முடிந்துவிடுகிறது. தாயும் வார் அணியாதிருப்பின் நிலைமை இன்னும் கொடியது. 55 கிலோகிராம் எடையுள்ள தாயின் உடல் பின்னாலிருந்து அழுத்த, முன்னாலுள்ள பலகைக்கும் அவருடைய உடலுக்கும் நடுவே குழந்தை நசுங்குகிறது. தாயையும் குழந்தையையும் சேர்த்து ஒரே வாரால் கட்டினாலும் இதே விபரீதம் நேரும். ஆகவே ஒரு வார் ஒருவருக்கே உரியது என்பதை மறத்தலாகாது.

வார் செய்யும் வேலை

வாரினால் பிணைக்கப்பட்ட உடல் எத்துணைக் கடுமையான தடுப்பையும் தாங்கக்கூடும் என்பதை அமெரிக்க விமானப்படை வைத்தியரான ஜான் ஸ்டாப் தம் உடலைக்கொண்டே சோதித்தார். 1954 டிசம்பரில், தண்டவாளத்தின் மீது ராக்கெட்டினால் உந்தப்பட்ட ஒரு சறுக்கு வண்டியில் அவர் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சென்றார். அவ்வண்டி 1.4 விநாடியில் நிறுத்தப்பட்டது. புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு வரையிலான விசை அவரைத் தாக்கிற்று. கண்களில் இரத்தம் கட்டிச் சிறிது காலம் பார்வை மங்கியதெனினும் அவர் பிழைத்தெழுந்தார். ஆசனத்துடன் அவரை இறுகப் பிணைத்திருந்த வார்களே அதற்குக் காரணம்.

1959-இல் ஸ்வீடன் நாட்டின் வால்வோ நிறுவனப் பொறியியலாளர் நில்ஸ் போலின், இடுப்பின் குறுக்கே ஒரு பகுதியும் மார்பின் குறுக்கே மற்றொரு பகுதியுமாக மூன்று இடங்களில் பொருந்தும் வாரை அமைத்தார். பிற நிறுவனங்களும் அதனைக் கையாளுவதற்கு வால்வோ இடமளித்தது. இன்று கார்களில் காணப்படுவது இம்முறையே. உடலைக் காருடன் சேர்த்தே நிற்கச் செய்தல், தாக்கும் விசையை இடுப்பெலும்பு, மார்புக்கூடு ஆகிய வலிய பகுதிகளின் மீது பரப்புதல், வண்டியிலிருந்து வெளியே எறியப்படாமல் காத்தல் ஆகிய மூன்றும் இவ்வாரின் பணிகள்.

குழந்தை சிறிய உருவத்துப் பெரியவர் அன்று

வயது வந்தோரின் உடலளவை ஒட்டி அமைக்கப்பட்ட வார் குழந்தைக்கு அப்படியே பொருந்துவதில்லை. இதற்கு உடற்கூறு சார்ந்த காரணங்கள் இரண்டு.

முதலாவது, தலையும் கழுத்தும். பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவர்க்கு அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கே. குழந்தையின் கழுத்தெலும்புகள் முற்றிலும் இறுகாதவை. அவற்றைப் பிணைக்கும் தசைநார்கள் இளகியவை. முன்னோக்கி அமர்ந்துள்ள சிசுவின் உடலை வார் தடுத்து நிறுத்தும்பொழுது, பாரமான தலை முன்னே பாய்ந்து கழுத்தை இழுக்கிறது. இது தண்டுவடத்திற்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

இரண்டாவது, இடுப்பு. வளர்ந்தவரின் இடுப்பெலும்பில் முன்புறம் புடைத்துள்ள முனைகள் வாரை நழுவாது பற்றிக்கொள்கின்றன. சிறு குழந்தைக்கு அம்முனைகள் இன்னும் வளர்ச்சியடையவில்லை. ஆகவே வார் மேலேறி மென்மையான வயிற்றில் பதிந்து, குடல் முதலிய உள்ளுறுப்புகளைக் காயப்படுத்துகிறது. மேற்பகுதியோ தோளில் பொருந்தாமல் கழுத்தை அறுக்கிறது. அத்தொந்தரவு தாளாமல் குழந்தை அதனை முதுகுக்குப் பின்னாலோ கைக்கு அடியிலோ தள்ளிவிடுவதும் உண்டு. அதனால் வாரின் பயன் பெரும்பாலும் கெட்டுவிடுகிறது.

பருவத்துக்கேற்ற ஆசனம்

இக்குறைகளை நீக்கவே குழந்தை ஆசனங்கள் தோன்றின. 1964-இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் முதுகில் சாய்ந்து விசையைத் தாங்கும் முறையைக் கண்டு, காரின் பின்புறம் நோக்கி அமரும் குழந்தை ஆசனத்தை வகுத்தார். இதில் மோதலின் விசை குழந்தையின் முதுகு, கழுத்து, தலை ஆகிய அனைத்தின் மீதும் சமமாகப் பரவுகிறது.

பருவங்களை மூன்றாகப் பகுக்கலாம்.

முதற் பருவத்தில் குழந்தை பின்னோக்கி அமரவேண்டும். ஐக்கிய நாடுகளின் 129-ஆம் ஒழுங்குவிதி குறைந்தது 15 மாதம் நிறையும் வரை இதனைக் கட்டாயமாக்குகிறது. ஆசனம் இடங்கொடுக்கும் வரை இந்நிலையிலேயே நீடிப்பது நலம். ஸ்வீடனில் நான்கு வயது வரையிலும் இவ்வாறு அமர்த்துவர்.

இரண்டாம் பருவத்தில் குழந்தை முன்னோக்கி அமரலாம். ஆயினும் அது ஆசனத்துக்குரிய தனி வார்களால் இரு தோள்களிலும் இடுப்பிலும் பிணைக்கப்படுதல் வேண்டும்.

மூன்றாம் பருவத்தில், உயர்த்தும் ஆசனம் ஒன்றின் மேல் அமர்த்திக் காரின் வாரையே அணிவிக்கலாம். தோள் வார் காறையெலும்பின் நடுவிலும், இடுப்பு வார் தொடையை ஒட்டித் தாழ்வாகவும் படிய இது உதவுகிறது. உயரம் 135 முதல் 150 சென்டிமீட்டர் ஆகும் வரை இவ்வாசனம் தேவையென்று பல நாடுகளின் விதிகள் கூறுகின்றன.

பயன் எத்தகையது? அமெரிக்க தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீட்டின்படி, முறையாகப் பொருத்திய குழந்தை ஆசனம் காரில் செல்லும் ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களின் மரண அபாயத்தை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் அபாயத்தை 54 சதவீதமும் குறைக்கிறது.

காற்றுப்பை பற்றிய எச்சரிக்கை

கார்களின் முன்புறத்திலுள்ள காற்றுப்பை, மோதலின்போது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் பெரும் வேகத்துடன் விரிகிறது. வார் அணிந்த பெரியவரின் நெஞ்சளவை எண்ணி அமைக்கப்பட்டது அது. பின்னோக்கும் ஆசனத்தை அதன்முன் வைத்தால், விரியும் பை ஆசனத்தின் முதுகைத் தாக்கிக் குழந்தையின் உயிருக்கே உலை வைக்கும். ஆகவே குழந்தைகளுக்கு உரிய இடம் பின்னிருக்கை.

பின்னிருக்கையில் வார் தேவையில்லை என்பது மற்றொரு தவறான எண்ணம். 2022 செப்டம்பரில் மராட்டிய மாநிலத்தின் பால்கர் மாவட்டத்தில் நேர்ந்த கார் விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும், அவருடன் பின்னிருக்கையில் இருந்த மற்றொருவரும் உயிரிழந்தனர். முன்னிருக்கையில் இருந்த இருவரும் பிழைத்தனர். பின்னிருக்கையினர் வார் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர்.

சட்டமும் அதன் படிப்பினையும்

குழந்தை ஆசனத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் டென்னஸி. குழந்தை வைத்தியரான ராபர்ட் சாண்டர்ஸ் என்பாரின் இடைவிடாத முயற்சியால் அச்சட்டம் 1977-இல் நிறைவேறி, 1978 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. ஆனால் அதில் ஒரு விலக்கும் புகுத்தப்பட்டது: வயதில் மூத்த ஒருவர் குழந்தையைக் கையில் ஏந்திச் சென்றால் ஆசனம் வேண்டியதில்லை என்பதே அது. தாயின் கை போதும் என்ற பழைய நம்பிக்கை சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. குழந்தையை நசுக்கும் விதி என்று சாண்டர்ஸ் அதனைக் கண்டித்தார். 1981-இல் அவ்விலக்கு நீக்கப்பட்டது. 1985-க்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும் இத்தகைய சட்டங்களை இயற்றிவிட்டன.

இந்தியாவில், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி அமுலுக்கு வந்தது. பதினான்கு வயது நிரம்பாத குழந்தையைப் பாதுகாப்பு வாராலோ குழந்தை ஆசனத்தாலோ பிணைக்காமல் வண்டியை ஓட்டுபவரும், ஓட்டச் செய்பவரும், ஓட்ட அனுமதிப்பவரும் ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு உள்ளாவர். பொறுப்பு குழந்தையின்மேல் சுமத்தப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அபாயத்தை அறியவோ, வாரைத் தானே பூட்டிக்கொள்ளவோ இயலாத பருவத்தினரின் பொருட்டு, அறிந்தவரும் இயன்றவருமே விடை கூறவேண்டும்.

பெற்றோர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. புறப்படுமுன் ஆட்களையும் வார்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாருக்கு மிஞ்சிய ஆட்கள் இருப்பின் குழந்தையின் இடத்தைக் குறைத்து அதனை மடிக்கு மாற்றுதல் கூடாது.

2. எல்லா வார்களும் பூட்டப்பட்ட பின்னரே வண்டியை நகர்த்தவேண்டும். அடுத்த தெருவுக்குச் செல்வதாயினும் இதில் விலக்கில்லை.

3. ஆசனத்தின் வார் தளர்ந்திருத்தலாகாது. தோளருகே வாரை விரல்களால் கிள்ளி மடிப்பு எடுக்க முடியுமாயின் அது இன்னும் இறுக்கப்பட வேண்டும். தடித்த கம்பளி உடைகளின் மேல் வாரைப் பூட்டுவதும் தளர்வுக்கு இடந்தரும்.

4. வெயிலில் நிறுத்திய காரில் வாரின் உலோகப் பூட்டு குழந்தையின் தோலைச் சுடும். அதன்மேல் துணியிட்டு மூடிவைத்து, தொட்டுப் பார்த்த பின்னர் பூட்டுதல் நலம்.

5. ஒருமுறை விபத்துக்குள்ளான ஆசனத்தை மீண்டும் உபயோகிக்கலாகாது. வரலாறு தெரியாத பழைய ஆசனத்தை வாங்குவதும் தவிர்க்கத்தக்கது.

6. ஓட்டுபவரின் மடியில் குழந்தையை அமர்த்துவதும், காரின் மேற்கூரைத் திறப்பின் வழியே எழுந்து நிற்க விடுவதும் அறவே கூடாது.

7. பெற்றோர் தாமும் வார் அணிதல் இன்றியமையாதது. வாரற்ற பெரியவரின் உடல் மோதலின்போது குழந்தையின் மீதே வீசப்படலாம். மேலும், பெரியவர் செய்வதையே குழந்தை தானும் செய்யும்.

குழந்தை முதலில் அழுவதும், வாரை விடுவிக்கும்படி அடம் பிடிப்பதும் இயல்பு. அவ்வழுகைக்கு இரங்கி ஒருமுறை விடுவித்தால், அடுத்த பிரயாணத்தில் அழுகை மேலும் நீளும். பிறந்த நாள்தொட்டு ஒவ்வொரு பிரயாணத்திலும் தவறாது பூட்டப்படும் குழந்தை, வார் இல்லாத பிரயாணத்தை அறியாது வளர்கிறது. அத்தகைய குழந்தை நான்கைந்து வயதில் தானே வாரைத் தேடி எடுத்துத் தரும். அதுவரை அதனைப் பூட்டும் வேலை பெற்றோருடையது.