செவ்வொளியும் உயிரணுவும்

இருட்டறையில் டார்ச் விளக்கின்மேல் விரல்களை வைத்துப் பார்த்தால் அவை சிவந்து தோன்றும். நீலத்தையும் பச்சையையும் குருதி பெரிதும் உட்கொண்டுவிட, சிவப்பே ஊடுருவி வெளிவருகிறது. கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகச் செல்லும்.

இவ்வொளிகளைத் தரும் கருவிகள் மூட்டுவலிக்கும் ஆறாப் புண்ணுக்கும் இன்று விற்பனைக்கு வருகின்றன. இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்து ஓய்ந்த பெரியோர் பலர் நம் இல்லங்களில் உள்ளனர். அவர்களுக்காக வாங்குமுன் உண்மையை அறிதல் நலம்.

உயிரணுவில் நிகழ்வது யாது?

வட சென்னை அனல் மின் நிலையம் நிலக்கரியிலிருந்து மின்சாரம் ஆக்குவது போல, உயிரணுவினுள் மைட்டோகாண்டிரியா உணவிலிருந்து ஆற்றலை ஆக்குகிறது. அங்குள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி இவ்வொளியை ஏற்கிறது. நலிந்த உயிரணுவில் இந்நொதியைத் தடுத்து நிற்கும் நைட்ரிக் ஆக்சைடை ஒளி விலக்குவதால் ஆற்றல் உற்பத்தி பெருகுகிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. அளவு குறைந்தால் பயனில்லை. மிகுந்தாலோ பயன் குன்றும்.

கண்டறிந்த வரலாறு

1967இல் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், லேசர் ஒளியால் புற்றுநோய் உண்டாகுமோ என அறிய, மயிர் மழித்த எலிகள்மேல் அதனைச் செலுத்தினார். புற்று தோன்றவில்லை, மயிரே விரைந்து வளர்ந்தது.

கர்நாடகத்தின் மணிப்பாலில், தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் மருந்தும் ஒருங்கே பெற்ற 221 பேரிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியாயிற்று. 632.8 நானோமீட்டர் செவ்வொளி லேசர் பெற்றோருக்குக் கடும் வாய்ப்புண்ணும் வலியும் குறைந்தன. அத்தகைய வாய்ப்புண்ணைத் தடுக்க இம்முறையைப் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல் 2020இல் பரிந்துரைத்தது. மூட்டுவலியிலோ ஆய்வு முடிவுகள் ஒருமித்தனவாக இல்லை.

நாம் கொள்ள வேண்டியவை

1. வெப்ப ஒத்தடம் தரும் அகச்சிவப்பு விளக்கு வேறு, இது வேறு. உணர்ச்சி குன்றிய காலில் வெப்ப விளக்கு தீப்புண் உண்டாக்கலாம்.

2. நீரிழிவுக்காரரின் காற்புண்ணை ஒளியில் காட்டி நாள் கடத்தலாகாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற இடத்தில் உடனே காட்டுதல் வேண்டும். தாமதம் காலையே இழக்கச் செய்யும்.

3. கண்ணில் ஒளி படலாகாது. புற்றுக்கட்டி உள்ள இடத்தில் மருத்துவர் சொல்லின்றிப் பயன்படுத்தலாகாது.

4. வழக்கமான மருந்தை நிறுத்தலாகாது.

ஒளி நன்மருந்தாவது உற்ற நோய்க்கு, உரிய அளவில், அறிந்தவர் கையிலேயே.