மின்சார அளவுகள்

1932-ஆம் வருஷத்தில் பைக்காரா ஆற்று நீரால் மின்சார உற்பத்தி தொடங்கிய பின்பு, கோயமுத்தூர் ஜில்லாக் கிணறுகளில் கமலையின் வேலையை மோட்டார் ஏற்றது. மோட்டார் வைத்திருக்கும் அங்கத்தினர் மின்சார அளவுகளை அறிதல் அவசியம்.

உயர்ந்த தொட்டியிலிருந்து குழாய் வழியே இறங்கும் நீரை உவமையாகக் கொள்க. நீரைத் தள்ளும் அழுத்தம் போன்றது வோல்ட். விநாடிதோறும் பாயும் நீரளவு போன்றது ஆம்பியர். குறுகிய குழாய் நீரைத் தடுப்பதுபோல, மெல்லிய நீண்ட கம்பி மின்னோட்டத்தைத் தடுக்கும். அத்தடையின் அளவு ஓம். 1 ஓம் தடையில் 1 வோல்ட் 1 ஆம்பியரைச் செலுத்தும்.

மின்சக்தியின் அளவு வாட். 1,000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் 1 யூனிட். மீட்டர் காட்டுவது இதுவே. 40 வாட் விளக்கு 25 மணி எரிந்தால் 1 யூனிட் ஆகும். ஒரு குதிரைச் சக்தி 746 வாட். ஆகவே 5 குதிரைச் சக்தி மோட்டார் முழுச் சுமையுடன் ஒரு மணி ஓடினால் சுமார் 3¾ யூனிட்டும், வெப்பமாக வீணாவது அதற்கு மேலும் செலவாகும்.

வோல்ட் குறைந்த வேளையில் மோட்டார் அதே வேலைக்கு அதிக ஆம்பியரை இழுக்கும். சுருள் சூடேறிக் கருகும். ஆதலால் அவ்வேளையில் மோட்டாரை நிறுத்துதல் நலம். மின்னோட்டம் மிகும்போது பியூஸ் உருகி அறுவது கம்பியையும் மோட்டாரையும் காப்பதற்கே. அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியைக் கட்டுதல் காவற்காரனை விலக்குவதற்கு ஒப்பாகும். ஒரு சாண் கம்பியால் ஒரு போகத்தின் வருவாய் அழியலாம்.