பனிப்பறவைகளின் நாய்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் குளிர்காலம் நெருங்கும்போது வீட்டைப் பூட்டிவிட்டுத் தெற்கே சென்று, பனி கரைந்தபின் ஊர் திரும்பும் முதியோரை அங்குள்ளவர்கள் ஸ்னோபேர்ட், அதாவது பனிப்பறவை, என்று அழைப்பர். ஒன்டாரியோ, கியூபெக் மாகாணத்தவர் பெரும்பாலும் புளோரிடாவையும், ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தவர் அரிசோனாவையும் தென் கலிபோர்னியாவின் பாலை நிலத்தையும் நாடுகின்றனர். இவர்களில் ஒரு சாரார் தங்கும் வீடு எதையும் தேடாமல் மோட்டார்ஹோமிலேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றனர்; என்ஜின், ஓட்டுநர் இருக்கை, சமையலறை, கழிப்பறை, படுக்கை அனைத்தும் ஒரே வண்டியில் அமைந்த இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டின் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவனோடு ஒப்பிட்டால் ஓரளவு விளங்கும் என்றாலும், கேரவன் நடிகரின் ஓய்வறையாக மட்டும் பயன்பட, மோட்டார்ஹோம் மாதக்கணக்கில் ஒரு குடும்பத்தின் முழு வீடாகவே இயங்குகிறது. இவ்வழக்கம் புதிதன்று, டின் கேன் டூரிஸ்ட்ஸ் என்ற மோட்டார் பயணிகளின் சங்கம் புளோரிடாவின் டாம்பா நகரில் 1919இலேயே தோன்றிவிட்டது.

குடும்பத்தோடு நாயும் செல்கிறது. நாயை அழைத்துச் செல்வது குறித்து இப்பயணிகளிடையே வழங்கும் தவறான நம்பிக்கைகள் பலவாயினும், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை: வடக்கே குளிர்காலத்தில் எவையெல்லாம் ஒடுங்கிக் கிடக்கின்றனவோ, அவை தெற்கேயும் அம்மாதங்களில் ஒடுங்கிக் கிடக்கும் என்று, ஆராயாமலே கொள்ளப்படும் எண்ணம்தான் அந்த வேர். வெயிலிலிருந்து தப்ப அல்ல, வெயிலைத் தேடித்தான் இவர்கள் செல்கிறார்கள் என்பதும், வெயில் இருக்கும் இடத்தில் அதனோடு வாழும் கொசுவும் பாம்பும் பூஞ்சையும் இருக்கும் என்பதும் எளிதில் மறக்கப்படுகின்றன.

“தெற்கே இறங்கிவிட்டால் குளிர் இல்லை”

இந்த நம்பிக்கை மேற்சொன்ன வேருக்கு நேர் எதிர்த்திசையில் தவறுவது. ஓர் இடத்தின் வெப்பநிலையை அது தெற்கே எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது மட்டுமன்றி, கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதும் தீர்மானிக்கிறது. அரிசோனா மாநிலத்திற்குள்ளேயே பீனிக்ஸ் நகரம் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் வெயில் காய, அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் எட்டும் ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர் உயரத்தில் பனிப்பொழிவால் மூடப்படுகிறது. தாழ்நிலமும் முழுப் பாதுகாப்பன்று. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலம் முழுவதும் உறைபனியில் சிக்கி மின்சாரம் இன்றித் தவித்தது, 2025 ஜனவரியில் மெக்சிகோ வளைகுடாக் கரையை ஒட்டிய லூசியானாவிலும் வடமேற்கு புளோரிடாவிலும் அரிதான பனி கொட்டியது.

இங்கே நாயின் உயிரோடு தொடர்புடைய செய்தி, குழாய்களில் ஊற்றப்படும் உறைதடுப்பு நீர்மத்தைப் பற்றியது. மோட்டார்ஹோமின் குடிநீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காதிருக்க ஊற்றப்படும் இளஞ்சிவப்பு நீர்மம் பொதுவாக புரோப்பிலீன் கிளைகால் என்ற, நச்சுத்தன்மை மிகக் குறைந்த பொருளால் ஆனது. என்ஜினைக் குளிர்விக்கும் அமைப்பில் ஊற்றப்படுவதோ பெரும்பாலும் எத்திலீன் கிளைகால் என்ற கொடிய நஞ்சு. இரண்டும் ஒன்றே என்று அஞ்சுவோரும் உண்டு, இரண்டுமே தீங்கற்றவை என்று அலட்சியம் காட்டுவோரும் உண்டு. இரண்டாமவரின் தவறுதான் உயிரைப் பறிக்கும். எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவை உடையது என்பதால் நாய் அதைத் தானாகவே நக்கும், அது உடலுக்குள் சிதையும்போது உண்டாகும் ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், மாற்று மருந்து இருந்தும் சில மணி நேரத்துக்குள் கொடுக்கப்படாவிட்டால் பயன் தராது. நிறத்தை வைத்து இவற்றைப் பிரித்தறிய முயல்வது தவறு, ஏனெனில் உற்பத்தியாளர்கள் நிறங்களை விருப்பம்போல் கலக்கின்றனர். புட்டியின் மீதுள்ள பொருள்பட்டியலே சான்று.

“ஜனவரிதானே, வண்டிக்குள் நாய் இருக்கட்டும்”

கடைக்கும் உணவகத்துக்கும் செல்லும்போது நாயை வண்டிக்குள் விட்டுச் செல்லும் பழக்கம் வடக்கே குளிர்காலத்தில் வெப்பத்தால் தீங்கு செய்வதில்லை. அதே பழக்கம் தெற்கே வந்தபின்னும் தொடர்வதுதான் ஆபத்து. மயாமி நகரின் ஜனவரிப் பகல் வெப்பநிலை சராசரியாக 24 டிகிரி செல்சியஸை எட்டுகிறது, பீனிக்ஸில் மார்ச் மாதப் பகலும் அந்த அளவைத் தொடுகிறது. இது இதமான வெயில்தானே என்று தோன்றும். ஆனால், நிறுத்திவைக்கப்பட்ட கார்களைப் பற்றி 2005இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு, வெளியே 22 டிகிரி அளவே இருந்த நாள்களிலும் காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக இன்னொரு 22 டிகிரி சூடேறியதையும், அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே நிகழ்ந்ததையும், கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதால் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் இல்லை என்பதையும் காட்டியது. மோட்டார்ஹோம் காரைவிடப் பெரியது என்பதால் இந்த எண்கள் அப்படியே அதற்குப் பொருந்தமாட்டா. எனினும் அகன்ற முன்கண்ணாடி வழியே வெயிலை உள்ளே விட்டு வெளியேறவிடாமல் சிறைப்பிடிக்கும் இயல்பு இரண்டிற்கும் பொதுவானது.

நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களின் அடிப்பகுதியில் மட்டுமே உள்ளன, அது முக்கியமாக நாக்கை நீட்டி இளைப்பதன் மூலமே உடலைக் குளிர்விக்கிறது, உள்ளிருக்கும் காற்றே சூடாகவும் ஈரமாகவும் ஆகிவிட்டால் இளைத்தும் பயனில்லை. பக், புல்டாக் போன்ற தட்டை முக இனங்களுக்கு இந்த வழியும் பாதி அடைபட்டதே. இதற்கு மேல், குளிருக்குப் பழகி அடர்ந்த உரோமத்தோடு வரும் வடக்கத்து நாய் புதிய வெப்பத்துக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். உரோமத்தை மழித்துவிட்டால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. ஹஸ்கி போன்ற ஈரடுக்கு உரோமம் கொண்ட நாய்களுக்கு அது வெயிலிலிருந்தும் காப்பு என்பதால், கால்நடை மருத்துவர்கள் நன்றாகச் சீவிவிடுவதையே பரிந்துரைக்கின்றனர், மழிப்பதை அல்ல.

‘ஏசி ஓடுகிறதே’ என்பது இவ்விடத்தில் எழும் மறுமொழி. முகாம்களில் மோட்டார்ஹோமுக்குக் கிடைக்கும் மின்னிணைப்பு பெரும்பாலும் 30 ஆம்பியர் அளவுடையது, அதாவது 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடும்போதே தண்ணீர்ச் சூடேற்றியும் மைக்ரோவேவும் சேர்ந்துகொண்டால் பிரேக்கர் விழுந்து அனைத்தும் நின்றுவிடும். முகாம் முழுவதும் மின்தடை ஏற்படுவதும் உண்டு. உள்வெப்பநிலையைக் கைபேசிக்கு அறிவிக்கும் கருவிகள் விற்கப்படுகின்றன, அவை பயனுள்ளவையே. ஆனால் முகாமின் வைஃபையை நம்பி இயங்கும் கருவி, மின்சாரம் போன அதே நொடியில் தானும் ஊமையாகிவிடும் என்பதால், சொந்த மின்கலமும் கைபேசி வலையமைப்பும் கொண்ட கருவியே காவலுக்குத் தகுதியானது. அதையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத் தொலைவுக்குச் செல்வது, எச்சரிக்கை மணியைப் பொருத்திவிட்டுத் தீயணைக்க ஆளில்லாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

“திறந்த வெளி, நாய் விருப்பம்போல் ஓடலாம்”

அமெரிக்கப் பொது நிலங்கள் அனைத்தும் ஒரே சட்டத்தின் கீழ் இல்லை. அரிசோனாவின் குவார்ட்ஸைட் அருகே நில மேலாண்மைத் துறை பராமரிக்கும், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நெடுங்காலம் தங்க இடமளிக்கும் பாலை முகாம்களில் நாய் இருப்பதற்குத் தடை இல்லை. தேசியப் பூங்காக்களில் நிலை வேறு. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புப் பாதைகளில் நாயை நடத்திச் செல்லலாம், விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. டெக்சஸின் பிக் பெண்ட், கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ போன்ற பூங்காக்களில் நடைபாதைகளே பெரும்பாலும் நாய்க்கு மூடப்பட்டவை. அனுமதி உள்ள இடத்திலும் கயிறு ஆறு அடிக்கு மிகக் கூடாது. தனியார் முகாம்களின் ‘செல்லப்பிராணிகளுக்கு வரவேற்பு’ என்ற அறிவிப்பும் எல்லா நாய்களுக்கும் ஆனதன்று. காப்பீட்டைக் காரணம் காட்டிச் சில இனங்களை மறுக்கும் முகாம்கள் உள்ளன.

கயிறு வெறும் சட்டத்துக்காக அன்று. புளோரிடாவின் 67 கவுண்டிகளிலும் முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டர் வாழ்கிறது. குளிர்ந்த நாள்களில் அதன் செயல்பாடு குறையுமே தவிர நின்றுவிடாது. பாலை நிலத்து ரேட்டில் பாம்பும் அவ்வாறே, வெப்பமான குளிர்காலப் பகல்களில் வெளியே வரும்.

“தடுப்பூசிச் சான்று போகும்போதுதான் தேவை”

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, அந்நாட்டுக்குள் நுழையும் நாய் ஆறு மாத வயதை எட்டியிருக்க வேண்டும், மைக்ரோசிப் எனப்படும் அடையாளச் சில்லு அதன் தோலடியில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், இணையவழி நிரப்பிய படிவத்தின் ரசீது கையில் இருக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் கனடிய எல்லை அதிகாரிகள் கேட்பது திரும்பும் வழியில்தான். வெளியூரில் தங்கியிருக்கும்போதே அச்சான்றின் காலம் முடிந்துவிடுமா என்று புறப்படும் முன்பே பார்ப்பது நல்லது.

“குளிர்காலத்தில் இதயப்புழு மாத்திரை தேவையில்லை”

இப்பட்டியலில் மிகப் பரவலானதும், வடக்கத்துப் பழக்கம் தெற்கே கேடாக மாறுவதற்கு மிகத் தெளிவான சான்றும் இதுவே. இதயப்புழு என்பது டைரோஃபிலேரியா இமிட்டிஸ் என்ற, கொசுவால் பரவும் உருளைப்புழு. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரை வளர்ந்து நாயின் இதயத்திலும் நுரையீரல் தமனிகளிலும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை வாழக்கூடியது. கொசுவின் உடலில் இதன் இளம்புழு தொற்றும் நிலையை அடைய ஏறத்தாழ 14 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும் என்பதால், கனடாவில் தடுப்பு மாத்திரை கோடையின் தொடக்கத்திலிருந்து நவம்பர் வரை மட்டும் கொடுக்கப்படுவது வழக்கம், அந்நாட்டுக்கு அது போதுமானதும்கூட. அந்தக் கடைசி மாத்திரையோடு நவம்பரில் புறப்படும் நாய், அமெரிக்காவிலேயே இந்நோய் மிகுந்த மிசிசிப்பி வடிநிலத்தையும் வளைகுடாக் கரையையும் கடந்து புளோரிடாவைச் சேரும்போது, காப்பு ஏதுமின்றிக் கொசுவின் நடுவே நிற்கிறது.

இதோடு தொடர்புடைய மற்றொரு தவறான கருத்து, மாத்திரை வரவிருக்கும் மாதத்துக்கான கவசம் என்பதாகும். உண்மையில் மாதாந்தர மாத்திரை, கடந்த ஏறத்தாழ 30 நாள்களில் உடலில் புகுந்த இளம்புழுக்களைக் கொல்கிறது. ஆகவே வீடு திரும்பிய அன்றே மாத்திரையை நிறுத்துவோர், தெற்கே கழித்த கடைசி வாரங்களின் தொற்றை அப்படியே வளரவிடுகின்றனர். திரும்பியவுடன் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தாலும் நிம்மதி கொள்ள இயலாது, ஏனெனில் அப்பரிசோதனை முதிர்ந்த புழுவை மட்டுமே காட்டும், புழு முதிரவோ ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். முற்றிய நோய்க்கான சிகிச்சை ஆர்சனிக் கலந்த மருந்தை ஊசியாகச் செலுத்துவதும், இறக்கும் புழுக்கள் தமனியை அடைக்காதிருக்க நாயை மாதக்கணக்கில் ஓடவிடாமல் அடைத்துவைப்பதுமாகும். அமெரிக்க இதயப்புழுச் சங்கம் ஆண்டின் பன்னிரண்டு மாதமும் தடுப்பு மருந்தைப் பரிந்துரைப்பது மிகையன்று.

“வறண்ட பாலைக் காற்று நாய்க்கு நல்லது”

கொசு குறைவு என்பதால் அரிசோனாவைப் பாதுகாப்பானதாகக் கருதுவோர் அறிய வேண்டியது பள்ளத்தாக்குக் காய்ச்சல். காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை தென்மேற்குப் பாலைகளின் மண்ணில் வாழ்கிறது. காற்றோ தோண்டலோ புழுதியைக் கிளப்பும்போது அதன் வித்துகள் மூச்சோடு நுரையீரலுக்குள் செல்கின்றன. மனிதருக்கும் இந்நோய் வருகிறது என்றாலும், மண்ணை மோப்பம் பிடித்தும் தோண்டியும் திரியும் நாயின் இயல்பே அதற்கு ஆபத்தைக் கூட்டுகிறது. இது நாயிலிருந்து நாய்க்கோ மனிதருக்கோ தொற்றுவதில்லை என்பதால் நோயுற்ற நாயை ஒதுக்க வேண்டியதில்லை. இருமல், காய்ச்சல், மெலிவு ஆகியவையும், நோய் எலும்புக்குப் பரவினால் நொண்டுதலும் இதன் அறிகுறிகள். ஃபுளுகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகளைப் பல மாதங்கள் கொடுக்க வேண்டியிருக்கும்.

அறிகுறிகள் சில வாரங்களிலும் தோன்றலாம், பல மாதங்கள் கழித்தும் தோன்றலாம். அதற்குள் வண்டி வடக்கே திரும்பியிருக்கும். அந்தப் பூஞ்சையே இல்லாத ஊரின் கால்நடை மருத்துவர் நொண்டும் முதிய நாயைக் கண்டால் மூட்டுவாதத்தையோ எலும்புப் புற்றையோ முதலில் ஐயுறுவது இயல்பு. ஆகவே தெற்கே சென்று வந்த நாயை எக்காரணத்துக்காக மருத்துவரிடம் காட்டினாலும், அது எந்தெந்த மாநிலங்களில் எந்தெந்த மாதங்களில் தங்கியது என்பதை, அவர் கேட்காவிட்டாலும், உரிமையாளரே முதலில் சொல்லிவிட வேண்டும்.