கடலில் நின்றால் காயம் வராதா?

மாலையில் உதைபந்தாட்டம் முடிந்ததும் கல்முனைக்குடி இளைஞர்கள் சிலர் நேரே கடலில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். அப்படி நின்றால் அடுத்த ஆட்டத்தில் காயம் வராது என்பது அவர்கள் நம்பிக்கை. இது வெறும் விளையாட்டுக் கதை அல்ல. காணியை விட்டு இடம்பெயர்ந்து, அறுவடைக் கூலியை நம்பியிருக்கும் வீட்டில் பிள்ளையின் பின்தொடைத் தசை கிழிந்தால், சில கிழமைகளுக்கு அந்தக் கூலி இல்லை.

தண்ணீர் உடலுக்குச் செய்வது என்ன? ஒன்று, அதன் அழுத்தம் காலைச் சுற்றி இறுக்கி வீக்கத்தைக் குறைக்கிறது. மற்றது குளிர்ச்சி. குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நோவை மரக்கச் செய்கிறது. 2012இல் 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, குளிர்நீரில் இருந்தவர்களுக்கு அடுத்த சில நாட்களில் தசைநோவு குறைவாக இருந்தது தெரிந்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் தண்ணீர் 10 முதல் 15 பாகை வரை குளிராக இருந்தது. நமது கடலோ 27, 28 பாகைக்குக் குறைவதே அரிது. கிணற்றுத் தண்ணீரும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஐஸ் போடலாமே என்பீர்கள். கணக்குப் பாருங்கள்: 100 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 15க்குக் குறைக்க ஏறத்தாழ 14 கிலோ ஐஸ் வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு பீப்பாய்! அந்தக் காசுக்கு வீட்டில் இரண்டு நேரம் சமைக்கலாம்.

அதைவிட முக்கியமானது, நோவு குறைவது வேறு, காயம் வராமல் தடுப்பது வேறு. குளிர்நீர் காயத்தைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. தடுப்பது உடற்பயிற்சியே. நெதர்லாந்தில் பொழுதுபோக்காக ஆடும் 579 ஆண்களை வைத்துச் செய்து 2015இல் வெளியான ஆய்வில், 13 கிழமைப் பயிற்சி செய்த பாதிப்பேரில் 11 பேருக்கே பின்தொடைக் காயம் ஏற்பட்டது, செய்யாதவர்களில் 25 பேருக்கு.

அந்தப் பயிற்சிக்கு ஒரு சதமும் செலவில்லை. பாய் விரித்து முழங்காலில் நில்லுங்கள். கூட்டாளி ஒருவர் பின்னாலிருந்து கணுக்கால்கள் இரண்டையும் அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடிக்காமல், முழங்காலிலிருந்து தலைவரை நேராக வைத்து, இயன்றளவு மெதுவாக முன்னே சாயுங்கள். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றி, தள்ளி எழும்புங்கள். முதற் கிழமை ஒரு நாள் மட்டும், ஐந்து ஐந்தாக இரண்டு தடவை போதும். பிறகு கிழமைக்குக் கிழமை சற்றுக் கூட்டுங்கள். தொடக்கத்தில் தொடை நோகும். ஆகவே கதிர் வெட்டப் போகும் நாளுக்கு முந்திய மாலை வேண்டாம்.

ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் மெல்ல ஓடி, ஒற்றைக் காலில் நின்று, குந்தி எழும்பி உடலைச் சூடாக்குவதும் காயங்களைக் குறைக்கும். ஆறுதலுக்குக் கடலில் நிற்பதில் தவறில்லை. ஆனால் வடகீழ் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை இழுக்கும். இருட்டிய பின் தனியே இறங்கவே வேண்டாம்.

காயம் பட்டுவிட்டால் முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள். உள்ளே இரத்தக் கசிவு கூடும். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். நான்கு அடி கூட ஊன்றி நடக்க முடியாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்றே எடுக்க வேண்டும்.