கன்று போடுகிற மாடும் கழனித் தொட்டியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் சாலைகளை ஒட்டிய சந்துகளில் இன்றும் மாடு கட்டிப் பால் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மேய்ச்சல் நிலம் கிடையாது; வைக்கோலைக் கட்டுக்கட்டாக விலைக்கு வாங்க வேண்டும். தொட்டியை நிரப்புவது தவிடு, பொட்டு, பிண்ணாக்கு, அக்கம்பக்கத்து வீடுகளின் கழனித் தண்ணீர். சினை மாடு நிறைமாதத்தை எட்டிவிட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கன்று போடுவதற்கு முந்தைய மூன்று வாரமும் பிந்தைய மூன்று வாரமும்தான் அந்த ஈற்றின் பாலைத் தீர்மானிக்கின்றன. சந்தில் கேட்கும் யோசனைகளில் எதைக் கேட்கலாம், எதை விடலாம்?

நம்பிக்கை: "நிறைமாச மாட்டுக்குத் தீனியக் குறைக்கணும். இல்லன்னா கன்னு பெருத்து வெளிய வராது."

உண்மை: கன்றின் எடை பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று மாதங்களில்தான் ஏறுகிறது. அதே சமயம் கர்ப்பப்பை வயிற்றில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மாடு தானாகவே குறைவாகத் தின்னும். நாமும் குறைத்தால் அது தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். அந்தக் கொழுப்பு ஈரலில் படிந்து, கன்று போட்ட பிறகு கீட்டோசிஸ் என்ற நோயில் கொண்டுபோய்விடும். பிரசவம் சிக்கலாவதற்கு, சின்னக் கிடேரிக்குப் பெரிய இனத்துச் சினை ஊசி போடுவது முக்கியக் காரணம். அளவுக்கு மீறிக் கொழுத்த மாடும் சிரமப்படும் என்பது சரிதான். ஆனால் அதைக் கறவைக் காலத்தின் கடைசியிலேயே சரிசெய்திருக்க வேண்டும். நிறைமாதத்தில் பட்டினி போட்டு அல்ல. ஈனுவதற்கு 60 நாள் முன்பே கறவையை நிறுத்துங்கள். கடைசி மூன்று வாரத்தில் கலப்புத் தீவனத்தை ஒரு கிலோவில் தொடங்கி மெல்ல 2 அல்லது 3 கிலோவரை ஏற்றுங்கள்.

நம்பிக்கை: "முன்னாடியே கால்சியம் டானிக் ஊத்திட்டா மாடு படுக்காது."

உண்மை: இந்தப் பட்டியலிலேயே அதிகம் ஏமாற்றுகிற யோசனை இதுதான். ஒரு பசுவின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடும் கால்சியம் ஏறத்தாழ 3 கிராம்தான். 10 லிட்டர் சீம்பால் சுரந்தால் அதில் 20 கிராமுக்கு மேல் போய்விடும். மீதியை எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் உடனே எடுத்தாக வேண்டும். சினைக் காலத்தில் கால்சியத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தால், எலும்பிலிருந்து எடுக்கச் சொல்லும் சுரப்பி வேலையில்லாமல் மந்தமாகிவிடுகிறது. கன்று போட்ட அன்று அது விழித்துக்கொள்வதற்குள் மாடு சாய்ந்துவிடும்; இதுதான் பால் காய்ச்சல். அமாவாசைதோறும் பக்தர்கள் கட்டுக்கட்டாகக் கொடுக்கும் அகத்திக்கீரை நல்ல தீவனம், ஆனால் கால்சியம் மிகுந்தது. கடைசி மூன்று வாரம் அதை அளவோடு போடுங்கள். கால்சியம் தர வேண்டிய காலம் கன்று போட்ட பிறகுதான்.

பால் காய்ச்சல் வந்த மாட்டுக்கு உடம்பு சுடாது. காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு படுத்திருக்கும். பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள், மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட நல்ல கறவை மாடுகளுக்கு வரும். அப்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். நரம்பில் ஏற்றும் கால்சியமும் வேகமாக ஏறினால் இதயத்தை நிறுத்திவிடும் என்பதால், அது கால்நடை மருத்துவர் கையால்தான் நடக்க வேண்டும்.

நம்பிக்கை: "பெத்த வயிறு, பசியா இருக்கும். சோறும் கஞ்சியும் நிறைய வச்சா பால் பொங்கும்."

உண்மை: கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு வண்டியோடு வந்து இறங்கும் பகுதி இது. வைக்கோலுக்குப் பழகிய இரைப்பையில் திடீரென அரிசிச் சோறு குவிந்தால் அது வேகமாகப் புளித்து அமிலமாகிறது. வழக்கமாக 6க்கும் 7க்கும் நடுவே இருக்கும் அமில-கார அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் அசை நிற்கும், சாணம் தண்ணீராகும், சில மாடுகள் ஒரே நாளில் செத்தும் போகும். கன்று போட்டபின் கலப்புத் தீவனத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோ வீதம் ஏற்றினால் போதும். வைக்கோலும் பசும்புல்லும் எப்போதும் முன்னால் கிடக்கட்டும்.

நம்பிக்கை: "நஞ்சு விழுந்தப்புறம்தான் கன்னுக்குச் சீம்பால் விடணும்."

உண்மை: நஞ்சுக்கொடி விழப் பல மணி நேரம் ஆகலாம். கன்றின் குடலோ சீம்பாலின் நோய் எதிர்ப்புப் புரதங்களை முதல் சில மணி நேரம்தான் நன்றாக உறிஞ்சும். 24 மணி நேரத்தில் அந்த வாசல் மூடிவிடும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், முதல் நாளில் உள்ளே போக வேண்டும்; முதல் வாய் ஒரு மணி நேரத்துக்குள். கன்று ஊட்டும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது, நஞ்சு விழவும் அது உதவும். சீம்பாலை விற்க நினைப்பவர்கள் கன்றுக்குப் போக மிஞ்சியதை விற்கட்டும்.

நம்பிக்கை: "அவுத்துவுட்டா மாடு தனக்கு வேணுங்கறதப் பாத்துத் தின்னுக்கும்."

உண்மை: மாடு பொறுக்கித் தின்னும் பிராணி அல்ல. முதலில் விழுங்கும், பிறகுதான் அசைபோடும். 2019 அக்டோபரில், திருமுல்லைவாயலிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு வந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். அது கன்று போட்டு அதிக நாள் ஆகாத மாடு. இடத்தை எல்லாம் பை அடைத்துக்கொண்டால் எந்தத் தீவனமும் பாலாகாது. பட்டறைகள் நிறைந்த இந்தப் பக்கத்தில் ஆணியும் கம்பித் துண்டும் கூடுதல் ஆபத்து. இரண்டாம் இரைப்பையில் தங்கும் கம்பியை, நிறைமாதக் கர்ப்பப்பையின் அழுத்தமும் பிரசவ முக்கலும் முன்னால் தள்ளி இதய உறையில் குத்த வைக்கும். கடைசி இரண்டு மாதமாவது மாட்டைக் கட்டிப் போட்டுத் தீனி கொடுங்கள். கழனித் தண்ணீரையும் தொட்டியில் ஊற்றும் முன் கையால் துழாவிப் பாருங்கள்.

நம்பிக்கை: "பச்ச உடம்பு, தண்ணி அதிகம் காட்டக்கூடாது."

உண்மை: பாலில் 87 சதவீதம் தண்ணீர். கன்று போட்டதும் வெதுவெதுப்பான நீரை வேண்டுமளவு குடிக்க விடுங்கள். பிறகும் தொட்டி காயக்கூடாது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது. போர் தண்ணீர் உப்புக் கரித்தால் மாடு குடிப்பதும் குறையும், தின்பதும் குறையும். வீட்டுக்கு வரும் லாரித் தண்ணீரில் மாட்டுக்கும் பங்கு வையுங்கள்.

கன்று போட்ட மாடு எழாமல் படுத்தாலோ, அசை நின்றாலோ, நஞ்சு 12 மணி நேரம் கடந்தும் விழாவிட்டாலோ கைவைத்தியம் வேண்டாம். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.